பளபளப்பு பாதுகாப்பு ஆகாது



பழைய கருவிகளைப் புதுப்பிக்கும் காணொளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்து, கைப்பிடி உடைந்து, எதற்கும் உதவாததுபோல் கிடக்கும் ஒரு சுத்தியலோ உளியோ திரையில் தோன்றும். அமிலத்தில் ஊறும். சுழலும் சக்கரத்தில் உரசப்படும். பத்தே நிமிடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும். அதைப் பார்த்த பிறகு, வீட்டின் பின்புறம் கிடக்கும் தாத்தாவின் பாராங் கத்தியையோ மண்வெட்டியையோ எடுத்து அப்படியே செய்துபார்க்கும் ஆசை உங்களுக்கும் வந்திருக்கலாம்.

நல்ல ஆசைதான். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால், தொடங்கும் முன் என் கருத்தையும் கொஞ்சம் கேளுங்கள். துருவை நீக்குவது பாதி வேலைகூட இல்லை. அதன் பிறகு கருவி முழுவதையும் கண்ணாடிபோல் மெருகேற்றுவது பெரும்பாலும் தேவையற்ற வேலை. சில வேளைகளில் கருவியையே கெடுக்கும் வேலை. துரு நீங்கிய எஃகுக்கு வேண்டியவை இரண்டுதான்: வேலை செய்யும் இடத்தில் மட்டும் மெருகு, உடல் முழுவதும் காப்பு. இதற்கான காரணங்கள் உங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கின்றன.

நம் நாட்டில் இந்தக் கருவிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்த லயன் வீடுகளும் மறைந்து வருகின்றன. அங்கே உழைத்தவர்களின் கையில் இருந்த பால்மரம் சீவும் கத்தி, பாராங், மண்வெட்டி போன்றவைதான் பல குடும்பங்களில் எஞ்சியிருக்கும் நினைவுப் பொருள்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஆர்வ மிகுதியால் அவற்றைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால், போன உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க எந்த இரசாயனமும் கிடையாது.

துரு நீங்கிய முதல் அரை மணி நேரம்

வீட்டில் துருவை நீக்க எளிய வழி வினிகர். அதில் ஏறத்தாழ 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும்கூட உலோக ஆக்சைடைக் கரைக்கும். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கும் பாட்டிமார் செய்வதும் இதே இரசாயனம்தான்.

அமிலம் முதலில் துருவைக் கரைக்கிறது. துரு தீர்ந்த இடத்தில் இரும்பையே அரிக்கத் தொடங்குகிறது. அப்போது எழும் சிறு குமிழிகள் ஹைட்ரஜன் வாயு. அதனால்தான் கருவியை அமிலத்தில் போட்டுவிட்டு நாள் கணக்கில் மறந்துவிடக் கூடாது. அவ்வப்போது எடுத்துப் பார்த்து, கம்பி பிரஷால் தேய்த்து, துரு போனதும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

காணொளிகள் சில வினாடிகளில் கடந்துபோகும் கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. அமிலத்திலிருந்து எடுத்துக் கழுவிய எஃகைச் சற்று நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களிலேயே செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய துரு மீண்டும் படரும். துருப்பிடித்திருந்தபோது கருவி மெல்ல மெல்லத்தான் கெட்டுக்கொண்டிருந்தது. இப்போது மூடியிருந்த எல்லாம் போய், வெறும் இரும்பு நீரோடும் காற்றோடும் நேருக்கு நேர் நிற்கிறது. மிஞ்சியிருக்கும் அமிலமும் அதற்குத் துணைபோகிறது. ஒரு கருவி தன் வாழ்நாளில் மிகவும் பலவீனமாக இருப்பது துரு நீங்கிய இந்த நேரத்தில்தான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் யூலிக் எவன்ஸ் 1920களில் செய்த ஓர் எளிய சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த எஃகுத் தகட்டின்மீது ஒரு துளி உப்பு நீரை வைத்தார். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருந்தன. சற்று நேரத்தில் துளியின் ஓரம் இளஞ்சிவப்பாகவும் நடுப்பகுதி நீலமாகவும் மாறின. ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது. அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சைடு அயனிகள் உருவாகின்றன. நடுவில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையமாகத் துரு தோன்றுகிறது. படிவம் ஐந்து இரசாயனத்தில் துருப்பிடித்தலைப் படிக்கும்போது இதே நிறங்களைச் சந்திப்பீர்கள்.

ஒரே ஒரு துளி நீர், ஒரு சிறிய மின்கலம்போல் வேலை செய்கிறது. துளியின் நடுவில், நம் கண்ணுக்குப் படாத இடத்தில், இரும்பில் குழி விழுகிறது. தகடு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது துளிக்குப் பொருட்டே இல்லை.

ஆகவே, அமிலத்திலிருந்து எடுத்ததும் நல்ல நீரில் கழுவுங்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, அதில் சில நிமிடங்கள் வையுங்கள். மிஞ்சிய அமிலம் நடுநிலையாகும். மறுபடி கழுவி, உடனே துடைத்து, முடி உலர்த்தியின் சூடான காற்றிலோ நல்ல வெயிலிலோ உலர்த்துங்கள். கைப்பிடி பொருந்தும் துளையையும் திருகு இடுக்கையும் மறக்காதீர்கள். பல வீடுகளில் இருக்கும் டபிள்யூடி-40 என்ற தெளிப்பானும் இங்கே உதவும். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஏவுகணைகளைத் துருவிலிருந்து காக்க உருவாக்கப்பட்ட கலவை அது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் நீரை விலக்குதல் என்பதைக் குறிக்கின்றன. 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கிடைத்த வெற்றியை. இடுக்குகளில் ஒளிந்திருக்கும் நீரை அது வெளியேற்றும். ஆனால், அது விட்டுச்செல்லும் படலம் மிக மெல்லியது. நீண்டநாள் காப்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இரும்பைக் காப்பது எது?

"மெருகேற்றினால் துருப்பிடிக்காதே" என்று நீங்கள் கேட்கலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. சொரசொரப்பான பரப்பில் தூசும் உப்பும் ஈரமும் தங்கும். வழவழப்பான பரப்பில் அவை குறைவாகவே தங்கும். ஆனால், குறைவாகத் தங்குவது வேறு, தடுக்கப்படுவது வேறு. மெருகு ஒரு சுவர் அல்ல. காற்றுக்கும் இரும்புக்கும் இடையில் அது எதையும் வைப்பதில்லை.

நம் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆய்வாளர் வெர்னன், காற்றின் ஒப்பீரப்பதம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடுவதை 1930களில் விளக்கினார். சாதாரண எஃகுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 60 விழுக்காடு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அதாவது, ஆண்டின் பெரும்பாலான நாள்களில் நாம் எல்லையைத் தாண்டித்தான் வாழ்கிறோம். குளிர்நாட்டில் எடுக்கப்பட்ட காணொளியில் மின்னும் சுத்தியல் அங்கே ஓராண்டு மின்னலாம். இங்கே அதே சுத்தியலைக் காப்பில்லாமல் வைத்தால், தொட்ட விரலின் வியர்வையே ரேகை ரேகையாகத் துருவாக எழும்பும்.

இரும்பைக் காப்பது அதன் மேல் உள்ள படலம். துருப்பிடிக்காத எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹேரி பிரேர்லி உருவாக்கிய எஃகு அந்த வகையைச் சேர்ந்தது. அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிப்பே உள்ள ஆக்சைடு படலமாக மாறுகிறது. அந்தப் படலம்தான் உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. நாம் காணும் மினுமினுப்பு அல்ல. நம் தாத்தாக்களின் கருவிகள் பெரும்பாலும் குரோமியம் சேராத கார்பன் எஃகு. அவற்றுக்குத் தாமாகவே அப்படியொரு கவசம் உருவாகாது.

டில்லியில் நிற்கும் இரும்புத் தூணும் இதையே சொல்கிறது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்கும் அந்தத் தூண் பளபளப்பாக இல்லை. கறுத்துப் பழுப்பேறி நிற்கிறது. ஐஐடி கான்பூர் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்து, இரும்பில் கலந்திருக்கும் பாஸ்பரஸின் துணையோடு ஒரு காப்புப் படலம் உருவாகியிருப்பதை விளக்கினார். டில்லியின் வறண்ட காலநிலையும் அதற்குக் கைகொடுக்கிறது. பார்வையாளர்கள் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்துத் தூணின் கீழ்ப்பகுதி தேய்ந்து நிறம் மாறியதால், 1997இல் சுற்றிலும் வேலி போட்டார்கள். தேய்ந்து மினுமினுத்த இடத்தைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சமையலறையில் உள்ள பழைய அரிவாள்மனையைப் பாருங்கள். வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கி நறுக்கி அதன் அலகு கறுத்திருக்கும். வாழையின் டானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய கறுப்பு அது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியதும் இதே இரசாயனம்தான். சிவப்புத் துரு உதிரும். இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொண்டு, வெடித்துப் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, அடியிலுள்ள இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். கறுப்போ ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை அழுக்கு என்று நினைத்து இரும்பு நாரால் சுரண்டி எடுப்பவர், இருந்த சிறு காப்பையும் கழற்றிப் போடுகிறார்.

தேய்த்தால் போவது துரு மட்டுமல்ல

மெருகேற்றுதல் என்பது உலோகத்தை நீக்குதல். இதை மறந்துவிடுவதால்தான் பல தவறுகள் நேர்கின்றன.

துரு விட்டுச்சென்ற குழிகளை எண்ணிப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரே ஒரு குழியை மறைக்க வேண்டுமென்றால், அந்தப் பரப்பு முழுவதையும் 0.3 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கைரம்பத்தின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பே உள்ளது. இரு பக்கமும் அப்படித் தேய்த்தால் மிஞ்சுவது ரம்பமல்ல, நெளியும் தகரம். குழி இருந்தாலும் ரம்பம் அறுக்கும். தகடு மெலிந்தால் அறுக்காது.

ஸ்பானர் போன்ற குரோமிய முலாம் பூசிய கருவிகளில் ஆபத்து இன்னும் அதிகம். மேலேயுள்ள குரோமியத்தின் தடிப்பு வழக்கமாக ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. மணல்தாளால் நாலு முறை அழுத்தித் தேய்த்தாலே முலாம் போய்விடும். பிறகு அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

கிரைண்டர் சக்கரம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அது வெப்பம். உளியின் முனை கெட்டியாக இருப்பது, கொல்லர் அதைக் காய்ச்சி, தோய்த்து, அளவோடு மீண்டும் சூடாக்கியதால். சக்கரத்தில் உரசும்போது மெல்லிய முனை நொடியில் சூடேறும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் தோன்றும். சுமார் 300 டிகிரியில் நீலம். பார்ப்பதற்கு அழகான நிறங்கள். அவை மேற்பரப்பின் ஆக்சைடு படலத்தில் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் தெரிபவை. ஆனால், முனையில் நீலம் தெரிந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கடைசியாக, எழுத்துகள். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரில் இருந்த சில்லிங்டன் நிறுவனம் முதலை முத்திரை குத்திய மண்வெட்டிகளை உலகின் பல நாடுகளுக்கு அனுப்பியது. பழைய உளிகளில் ஷெஃபீல்டு என்ற ஊர்ப்பெயர் இருக்கும். சிலவற்றில், பயன்படுத்தியவர் ஆணியால் கீறிவைத்த முதலெழுத்தும் இருக்கும். அந்தக் கருவி எங்கே பிறந்தது, யாரிடம் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. மெருகு இயந்திரத்துக்கு முத்திரையும் துருவும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே மாதிரி அழித்துவிடும்.

எங்கே மெருகு வேண்டும்?

மெருகே கூடாது என்று நான் சொல்லவில்லை. கருவியின் எந்த இடம் வேலை செய்கிறது என்று கேளுங்கள். அந்த இடத்துக்கு மெருகு தேவை.

உளியின் கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பை மட்டும் தீட்டினால் போதாது. பின்பக்கமும் முனையை ஒட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குச் சமமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். அதற்கு மேலே கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். இழைப்புளிக்கு அடிப்பரப்பு வழுக்கிச் செல்ல வேண்டும். பொற்கொல்லரின் சுத்தியல் முகம் உண்மையிலேயே கண்ணாடிபோல் இருக்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் அடிபடும் நகையில் பதியும். ஆணி அடிக்கும் சுத்தியலுக்கு அந்தத் தேவை இல்லை. மண்வெட்டியின் அலகு வழவழப்பாக இருந்தால் களிமண் குறைவாக ஒட்டும். ஆனால், தினமும் வெட்டினால் மண்ணே அதற்கு மெருகேற்றிவிடும்.

வேலை செய்யும் இடத்துக்கு மணல்தாளைப் படிப்படியாகப் பயன்படுத்துங்கள். பி240 என்று குறித்த தாளில் துகள்கள் ஏறத்தாழ 58 மைக்ரோமீட்டர், பி400இல் 35, பி1000இல் 18. ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பதுதான். அதனால், இடையில் படியைத் தாண்டாதீர்கள். தாளை ஒரு சமமான கட்டையில் சுற்றி, ஒரே திசையில் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுபோகாது.

மற்ற இடங்களுக்குக் காப்பு போதும். கறுப்பு நிறம் வேண்டுமென்றால், சீனி போடாத கெட்டியான தே-ஓவை ஆறவைத்து, துரு நீங்கிய கருவியைச் சில மணி நேரம் அதில் ஊறவிடுங்கள். தேயிலையின் டானின் இரும்பைக் கறுக்கச் செய்யும். கழுவி உலர்த்தி, அதன்மேல் தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் நாளாவட்டத்தில் காற்றோடு சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும். எண்ணெய்க்குப் பதில் மெழுகும் பூசலாம். அருங்காட்சியகப் பொருள்களுக்குப் பூசவென்றே 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மெழுகுக் கலவை உருவாக்கப்பட்டது. வேண்டும்போது அதைக் கரைத்து எடுத்துவிடலாம். தேய்த்த உலோகத்தைத் திரும்பப் பெற முடியாது. பூசிய மெழுகை எடுக்க முடியும். பழைய பொருள்களைக் கையாள்வதில் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

சில எச்சரிக்கைகள். கையுறையும் கண்காப்பும் அணியுங்கள். வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ குளோரின் வெளுப்பானோடு கலக்கவே கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசு கிளப்பாதீர்கள். மரக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். கிரைண்டர் வேலை என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

"புதிதாகவே வாங்கிவிடலாமே?"

வாங்கலாம். விலையும் மலிவுதான். ஆனால், ஒரு டன் எஃகைப் புதிதாக உருவாக்கும்போது உலக சராசரியாக ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. ஒரு சுத்தியலால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்பது உண்மை. ஆயினும், வேலை செய்யும் ஒன்றை அழகாக இல்லை என்பதற்காகத் தூக்கி எறியும் பழக்கம் ஒரு சுத்தியலோடு நிற்பதில்லை. பழையதைக் கண்ணாடிபோல் ஆக்கினால்தான் வைத்துக்கொள்வேன் என்பதும் அதே பழக்கத்தின் இன்னொரு முகம்தான். இரண்டுமே கருவியை அதன் வேலைக்காக மதிப்பதில்லை.

நான்கு ஆணிகள்

நான் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம். சோதித்துப் பாருங்கள். துத்தநாக முலாம் பூசாத ஒரே அளவு இரும்பு ஆணிகள் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் வினிகரில் ஊறவைத்துக் கழுவி உலர்த்துங்கள். இரண்டை மட்டும் மணல்தாளால் மினுமினுக்கத் தேயுங்கள். பிறகு, தேய்த்ததில் ஒன்றுக்கும் தேய்க்காததில் ஒன்றுக்கும் எண்ணெய் தடவுங்கள். நான்கையும் ஒரே தட்டில், ஒன்றையொன்று தொடாமல், குளியலறை ஓரத்தில் ஒரு வாரம் வையுங்கள். தினமும் கைபேசியில் படம் எடுங்கள். தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று எழுதிவைத்தால், பள்ளிக்கு ஒரு நல்ல ஆய்வறிக்கையும் தயார்.

மின்னிக்கொண்டு எண்ணெய் இல்லாமல் இருக்கும் ஆணி முந்துமா, மங்கலாக எண்ணெயோடு இருக்கும் ஆணி முந்துமா? என் கணிப்பை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அது தவறென்றால் உங்கள் ஆணிகள் சொல்லட்டும். விடை தெரிந்த பிறகு தாத்தாவின் பாராங்கைக் கையில் எடுங்கள். துருவை நீக்குங்கள், வெட்டும் ஓரத்தைத் தீட்டுங்கள், உடல் முழுவதும் எண்ணெய் தடவிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். அதன் கறுப்பு அப்படியே இருக்கட்டும். அதில் கீறியிருக்கும் எழுத்தும் இருக்கட்டும்.